அணுக்கழிவைப் புதைக்க இடம் பார்ப்பது எப்படி?

(மூன்றாமாண்டு சிவில் துறை மாணவர் எழுதிய பாடக் கட்டுரை)



ஒரு கட்டிடம் கட்டுவதற்கு முன் நாம் என்ன செய்கிறோம்? ட்ரையல் பிட் தோண்டிப் பார்க்கிறோம். போர் ஹோல் போடுகிறோம். மண் சாம்பிளை லேபுக்கு எடுத்து வந்து சோதிக்கிறோம். தண்ணீர் மட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோம். இவ்வளவும் எதற்கு? அந்தக் கட்டிடம் 60 வருஷமோ, 100 வருஷமோ நிற்க வேண்டும் என்பதற்கு.

பத்து லட்சம் வருஷம் நிற்க வேண்டிய ஒரு கட்டுமானத்துக்கு இடம் பார்க்கச் சொன்னால் எப்படிப் பார்ப்பது? வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அணுக்கழிவுப் புதைவிடத்துக்கு இடம் தேடும் என்ஜினீயர்கள் எதிரே இருக்கும் கேள்வியே இதுதான். இதில் அமெரிக்காவின் யக்கா மலை ஒரு பெரிய பாடம். பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ இன்னொரு பாடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், சுற்றுச்சூழல் ஆய்வு என்றால் என்ன, அதை எப்போது செய்ய வேண்டும் என்பது நன்றாக விளங்கும்.

1. கழிவு என்றால் எது?

அணு உலையில் யுரேனியம் எரிபொருள் சில வருஷங்கள் வேலை செய்த பிறகு வெளியே எடுக்கப்படுகிறது. வெளியே வரும்போது அதற்குக் கடுமையான சூடும் கதிர்வீச்சும் இருக்கும். முதலில் தண்ணீர்த் தொட்டியில் சில வருஷம் ஆற வைக்கிறார்கள். அதற்குப் பிறகும் அதை யாரும் பக்கத்தில் போய்த் தொட முடியாது.

அதில் இருக்கும் பொருட்களை அரை ஆயுள் கணக்கில் இரண்டு வகையாகப் பிரிக்கலாம். சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டுக்கும் அரை ஆயுள் சுமார் 30 வருஷம். முதல் சில நூறு வருஷத்துச் சூடும் ஆபத்தும் பெரும்பாலும் இவற்றால்தான். அடுத்த வகை நீண்ட ஆயுள் உள்ளவை. புளுட்டோனியம்-239க்கு 24 ஆயிரம் வருஷம். டெக்னீசியம்-99க்கு 2 லட்சம் வருஷத்துக்கு மேல். நெப்டூனியம்-237க்கு 20 லட்சம் வருஷத்துக்கு மேல். அயோடின்-129க்கு ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு மேல்.

டெக்னீசியமும் அயோடினும் தண்ணீரில் சுலபமாகக் கரைந்து ஓடக் கூடியவை. ஆகவே புதைவிடத்தின் முதல் எதிரி தண்ணீர்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

2. ஏன் ஆழத்தில் புதைக்க வேண்டும்?

மேலே கிடங்கு கட்டி வைத்தால் காவல் வேண்டும், பராமரிப்பு வேண்டும். நூறு வருஷம் காவல் போடலாம். பத்தாயிரம் வருஷத்துக்கு யார் காவல் நிற்பது? எந்த ராஜ்ஜியமும் அவ்வளவு காலம் நின்றதில்லையே! அதனால்தான் சில நூறு மீட்டர் ஆழத்தில், அசையாத பாறைக்குள் வைத்து மூடிவிடுவது நல்லது என்ற கருத்து பல நாடுகளில் ஏற்பட்டது.

இதில் தடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். முதலில் எரிபொருள், அதைச் சுற்றி உலோகப் பெட்டி, அதைச் சுற்றிக் களிமண் அல்லது வேறு கவசம், கடைசியாகப் பாறை. முதல் மூன்றை நாம் செய்து வைக்கலாம். பாறையைச் செய்ய முடியாது, தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் இடத் தேர்வுக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

3. சுற்றுச்சூழல் ஆய்வு: அதில் என்ன இருக்கும்?

அமெரிக்காவில் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தானது. மத்திய அரசு ஏதாவது பெரிய வேலையை எடுத்தால், அதனால் வரும் பாதிப்பை முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். சுருக்கமாகச் சொன்னால் படிகள் இவை:

(அ) எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று மக்களைக் கேட்டு முடிவு செய்வது.
(ஆ) மாற்று வழிகளை வரிசைப்படுத்துவது. “ஒன்றுமே செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்?” என்பதும் அதில் ஒன்று.
(இ) ஒவ்வொரு வழிக்கும் நிலம், நீர், காற்று, உயிரினம், மக்கள், போக்குவரத்து ஆகியவற்றில் வரும் பாதிப்பைக் கணக்கிடுவது.
(ஈ) வரைவு அறிக்கையை வெளியிட்டுக் கருத்துக் கேட்பது.
(உ) பதில்களோடு இறுதி அறிக்கை தருவது. அதன் பிறகுதான் முடிவு.

இதில் உயிர்நாடி (ஆ) தான். மாற்று வழி இல்லாத ஆய்வு, ஒரே ஒரு டெண்டரை வைத்துக்கொண்டு “இதுதான் குறைந்த விலை” என்று சொல்வது போல. ஒப்பிட வேறொன்று இருந்தால்தானே குறைவா அதிகமா என்று தெரியும்?

4. யக்கா மலை: ஒன்பது இடம் ஒன்றான கதை

அமெரிக்க நாடாளுமன்றம் 1982-ல் அணுக்கழிவுக் கொள்கைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1983 ஜனவரியில் ஜனாதிபதி ரீகன் அதில் கையெழுத்திட்டார். சட்டத்தின் திட்டம் நல்ல திட்டம்தான். பல இடங்களைப் பார், அவற்றில் ஐந்தைத் தேர்ந்தெடு, அதில் மூன்றைச் சுரங்கம் வெட்டி முழுமையாக ஆராய், கடைசியில் ஒன்றைச் சொல். மேற்கே ஒரு புதைவிடம் வந்தால் பிறகு கிழக்கே இன்னொன்று தேட வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் இருந்தது.

1983-ல் எரிசக்தித் துறை ஆறு மாநிலங்களில் ஒன்பது இடங்களை அடையாளம் காட்டியது. 1986 மே மாதம் ஐந்து இடங்கள் மிஞ்சின. நெவாடாவில் யக்கா மலை (எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான டஃப் பாறை), வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டு (பசால்ட்), டெக்ஸாஸில் டெஃப் ஸ்மித் கவுண்டி, யூட்டாவில் டேவிஸ் கேன்யன், மிஸிஸிப்பியில் ரிச்டன் டோம் (இவை மூன்றும் உப்புப் படிவங்கள்).

இந்த ஐந்துக்கும் எரிசக்தித் துறையே பல அம்சங்களில் மார்க் போட்டுப் பார்த்தது. யக்கா மலை முதலில் வந்தது. ஹான்ஃபோர்டு கடைசியில் வந்தது. ஆனால் அடுத்த கட்டத்துக்கு அனுப்பிய மூன்று எவை தெரியுமா? யக்கா மலை, டெஃப் ஸ்மித், ஹான்ஃபோர்டு! பாறை வகை பலவாக இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கடைசி ராங்க் வாங்கியவனுக்கு சீட் கிடைத்தால் மற்றவர்கள் கேள்வி கேட்கத்தானே செய்வார்கள்? அதே சமயத்தில் கிழக்கு மாநிலங்களில் இரண்டாவது புதைவிடம் தேடும் வேலையும் நிறுத்தப்பட்டது. மேற்கு மாநிலத்துக்காரர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது.

1987 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மூன்று இடங்களை ஆராய்வதற்கு ஆகும் செலவு மிக அதிகம், ஆகவே யக்கா மலை ஒன்றை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று சட்டமே சொல்லிவிட்டது. அன்றைக்குக் கீழ்ச்சபையின் சபாநாயகர் ஜிம் ரைட் டெக்ஸாஸ்காரர். பெரும்பான்மைக் கட்சித் தலைவர் டாம் ஃபோலி வாஷிங்டன் மாநிலத்துக்காரர். நெவாடாவுக்கு அந்தச் சபையில் இருந்தது இரண்டே உறுப்பினர்கள். அந்த மாநிலத்தில் ஒரு அணுமின் நிலையம்கூடக் கிடையாது. திருத்தத்துக்கு நெவாடா மக்கள் வைத்த பெயரே “நெவாடாவை வஞ்சிக்கும் மசோதா” என்ற பொருளில் ஒரு கொச்சைப் பெயர்.

அந்த மலை இருக்கும் நிலத்தைத் தங்கள் பூர்வீக நிலம் என்று சொல்லும் மேற்கு ஷோஷோனி பழங்குடியினரும் இருந்தார்கள். 1863-ல் ரூபி வேலி என்ற இடத்தில் அவர்கள் அரசாங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் காட்டி அவர்களும் எதிர்த்தார்கள்.

நண்பர்களே, இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. முழுமையான சுற்றுச்சூழல் அறிக்கை எப்போது வந்தது? வரைவு 1999-ல், இறுதி அறிக்கை 2002 பிப்ரவரியில். அதாவது இடம் ஒன்றுதான் என்று முடிவான பிறகு 14 வருஷம் கழித்து. அது மட்டுமல்ல. புதைவிடம் தேவையா, ஆழத்தில் புதைப்பதைத் தவிர வேறு வழி உண்டா, வேறு இடம் உண்டா என்ற மூன்று கேள்விகளையும் அந்த அறிக்கை ஆராய வேண்டியதில்லை என்று சட்டமே விலக்கு கொடுத்திருந்தது.

“ஒன்றுமே செய்யாவிட்டால்” என்ற பகுதி மட்டும் இருந்தது. கழிவு அந்தந்த ஊரிலேயே பத்தாயிரம் வருஷம் காவலோடு இருந்தால் என்ன ஆகும், நூறு வருஷத்துக்குப் பிறகு காவல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று இரண்டு விதமாகக் கணக்கிட்டார்கள். அதாவது யக்கா மலைக்குப் போட்டியாக நின்றது இன்னொரு மலை இல்லை, கைவிடப்பட்ட கிடங்குதான். அந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல ஆய்வே தேவையில்லை.

5. மலைக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

யக்கா மலையில் நல்ல அம்சங்கள் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். லாஸ் வேகாஸுக்கு வடமேற்கே சுமார் 150 கி.மீ. தள்ளி இருக்கும் பாலைவனம் அது. வருஷ மழை 200 மில்லி மீட்டருக்கும் குறைவு. புதைவிடம் தரையிலிருந்து சுமார் 300 மீட்டர் கீழே, நிலத்தடி நீர் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் மேலே. “காய்ந்த பாறை, தண்ணீர் தொடாது” என்பதுதான் முதல் எண்ணம்.

7.6 மீட்டர் விட்டத்தில் சுமார் 8 கி.மீ. நீளத்துக்கு ஆய்வுச் சுரங்கம் குடைந்தார்கள். 1997-ல் அது முடிந்தது. உள்ளே எடுத்த பாறை சாம்பிள்களில் சில இடங்களில் குளோரின்-36 வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதாகத் தெரிந்தது. இது எங்கிருந்து வந்தது? 1950-களில் பசிபிக் கடலில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவியது என்றார்கள். அப்படியானால் மழைநீர் சுமார் 50 வருஷத்திலேயே விரிசல் வழியாக 300 மீட்டர் இறங்கிவிட்டது என்று அர்த்தம்! பிறகு வேறு ஆய்வுக்கூடம் செய்த சோதனையில் அதே முடிவு கிடைக்கவில்லை. சர்ச்சை சர்ச்சையாகவே நின்றது. ஆனாலும் விரிசல்களில் தண்ணீர் வேகமாக ஓட வாய்ப்பு உண்டு என்ற விஷயத்தை யாரும் ஒதுக்கிவிட முடியவில்லை.

இதோடு இன்னொரு சிக்கல். நீர் மட்டத்துக்கு மேலே இருப்பதால் அங்கே காற்றில் ஆக்ஸிஜன் உண்டு. ஆக்ஸிஜனும் ஈரமும் சேர்ந்தால் உலோகமும் அரிக்கும், யுரேனிய எரிபொருளும் அரிக்கும். ஆகவே பாறையை மட்டும் நம்ப முடியாமல், நிக்கல் கலந்த அலாய்-22 என்ற உலோகத்தில் பெட்டி, அதன் மேலே டைட்டானியத்தில் சொட்டுநீர்க் கூரை என்று டிசைன் மாறியது. இப்படிப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள். கூரையைப் புதைவிடத்தை மூடும் சமயத்தில்தான் வைப்பார்களாம். அதாவது இன்னும் பிறக்காத ஒரு தலைமுறை அந்தச் செலவைச் செய்யும் என்று நம்ப வேண்டும்.

இனி விதியைப் பாருங்கள். 1984-ல் போட்ட இடத் தேர்வு விதிகளில் ஒன்று: புதைவிடத்திலிருந்து தண்ணீர் வெளிச் சூழலுக்கு வந்து சேர 1,000 வருஷத்துக்கும் குறைவாக ஆகும் என்று தெரிந்தால் அந்த இடம் தகுதியற்றது. 2001-ல் யக்கா மலைக்கென்று புது விதி வந்தபோது இந்தத் தனித் தகுதி எடுக்கப்பட்டது. பெட்டி, கூரை, பாறை எல்லாம் சேர்ந்து மொத்தமாகப் பாஸானால் போதும் என்று மாற்றினார்கள். மொத்த அமைப்பையும் சேர்த்துக் கணக்கிடுவது தவறான முறை என்று சொல்ல முடியாது, பல நாடுகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் ஸ்பெசிபிகேஷன் ஷீட்டை க்யூப் டெஸ்ட் நடந்துகொண்டிருக்கும்போது திருத்தினால், சைட்டில் நிற்கிற யாராவது அந்த ரிசல்ட்டை நம்புவார்களா?

6. எத்தனை வருஷத்துக்குக் கணக்கு?

2001-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒரு அளவு சொன்னது. மலையிலிருந்து சுமார் 18 கி.மீ. தள்ளி, அமர்கோசா பள்ளத்தாக்குப் பக்கம் ஒருவர் வசிக்கிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர் அந்த நிலத்தடி நீரை தினம் 2 லிட்டர் குடிக்கிறார். அவருக்கு வருஷத்துக்கு 15 மில்லிரெம்முக்கு மேல் கதிர்வீச்சு போகக்கூடாது. இது 10,000 வருஷத்துக்குப் பொருந்தும்.

கேட்கும்போது நல்ல கணக்காகத்தான் இருக்கிறது. ஆனால் உலோகப் பெட்டிகள் அரித்து, அதிகபட்சக் கதிர்வீச்சு வெளியே வரும் காலம் 10,000 வருஷத்துக்குப் பிறகுதான்! தேசிய அறிவியல் கழகம் 1995-லேயே, ஆபத்து உச்சத்துக்குப் போகும் காலம் வரை கணக்கிட வேண்டும், பாறை அமைப்பை நம்பி பத்து லட்சம் வருஷம் வரை கணக்கிட முடியும் என்று சொல்லியிருந்தது. நெவாடா வழக்குப் போட்டது. 2004 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 10,000 வருஷ வரம்பை ரத்து செய்தது. 2008-ல் புது அளவு வந்தது: முதல் 10,000 வருஷம் 15 மில்லிரெம், அதன் பிறகு பத்து லட்சம் வருஷம் வரை 100 மில்லிரெம்.

இதற்கிடையில் 2002-ல் நெவாடா கவர்னர் சட்டம் கொடுத்த உரிமைப்படி திட்டத்துக்கு மறுப்புத் தெரிவித்தார். நாடாளுமன்றம் சில மாதத்திலேயே அந்த மறுப்பைத் தள்ளிவிட்டது. 2008 ஜூனில் லைசென்ஸ் விண்ணப்பம் போனது. 2010-ல் ஒபாமா அரசு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முயன்றது. 2011-ல் பணம் நின்றது. அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் பணியாளர்கள் 2015-ல் முடித்த பாதுகாப்பு அறிக்கையில், தொழில்நுட்பத் தேவைகள் பெரும்பாலும் நிறைவேறுகின்றன என்றார்கள். ஆனால் நிலமும் தண்ணீர் உரிமையும் அரசு கையில் வரவில்லை, ஆகவே கட்ட அனுமதிக்க முடியாது என்றும் எழுதினார்கள்.

மொத்தம் சுமார் 1,500 கோடி டாலர் செலவு. அங்கே ஒரு பெட்டிகூட வைக்கப்படவில்லை. 90 ஆயிரம் டன் அளவுக்குக் கழிவு எரிபொருள் இன்றும் நாடு முழுக்க 70-க்கும் மேற்பட்ட இடங்களில் தொட்டியிலும் கொள்கலனிலும் காத்துக் கிடக்கிறது.

7. பின்லாந்து: நான்கு இடம், நான்கு ஊர்

பின்லாந்து அரசாங்கம் 1983-லேயே கால அட்டவணை போட்டது. 1987 முதல் ஐந்து இடங்களில் துளையிட்டுப் பார்த்தார்கள். பிறகு நான்கு இடங்களில் விரிவான ஆய்வு: யூராயோக்கி ஊரின் ஓல்கிலுவோட்டோ, லோவீசாவின் ஹாஸ்த்ஹோல்மன், குஹ்மோவின் ரோமுவாரா, ஆனெகோஸ்கியின் கிவெட்டி.

போசிவா என்ற நிறுவனம் 1999-ல் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையைத் தந்தபோது அதில் நான்கு இடமும் இருந்தன. நான்கு ஊர் மக்களிடமும் கூட்டம் போட்டுப் பேசியிருந்தார்கள். நான்கு இடத்திலும் பாறை ஏற்கத்தக்கது என்றுதான் முடிவு வந்தது. அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? யூராயோக்கியில் ஏற்கனவே இரண்டு அணு உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. நாட்டின் கழிவில் பெரும் பகுதி அங்கேயே இருந்தது, வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போக வேண்டியதில்லை. அந்த ஊர் மக்களுக்கும் அணு உலை பழகிப்போன விஷயம்.

இதில் மிக முக்கியமான விஷயம் ஒன்று. பின்லாந்துச் சட்டப்படி ஊராட்சி மன்றம் வேண்டாம் என்று சொன்னால் அதோடு சரி. அதை மேலே உள்ள யாரும் தள்ளிவிட முடியாது. 2000 ஜனவரியில் யூராயோக்கி மன்றம் 20-க்கு 7 என்ற வாக்கில் சம்மதித்தது. 2001 மே மாதம் நாடாளுமன்றம் 159-க்கு 3 என்ற வாக்கில் உறுதி செய்தது. 2004-ல் ஓங்கலோ சுரங்கம் குடையத் தொடங்கினார்கள். 2015-ல் கட்டுமான லைசென்ஸ் கிடைத்தது. 2021 டிசம்பரில் இயக்க லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார்கள்.

டிசைனும் வித்தியாசமானது. சுமார் 190 கோடி வருஷப் பழமையான பாறையில் 400 மீட்டருக்கும் மேலான ஆழம். நீர் மட்டத்துக்கு நன்றாகக் கீழே. “தண்ணீருக்குள்ளேயே வைக்கலாமா?” என்று கேட்பீர்கள். அந்த ஆழத்துத் தண்ணீரில் ஆக்ஸிஜன் இல்லை. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் செம்பு நீண்ட காலம் தாங்கும். ஆகவே 5 செ.மீ. கனமுள்ள செம்புப் பெட்டி, அதைச் சுற்றி பென்டோனைட் களிமண். பைல் போடும்போது துளை சரியாமல் இருக்க நாம் ஊற்றுகிற அதே பென்டோனைட்தான். தண்ணீர் பட்டால் ஊதி, இடுக்கை அடைத்துக்கொள்ளும்.

8. ஒப்பிட்டுப் பார்த்தால்

யக்கா மலையின் பாறை மோசம், பின்லாந்துப் பாறை நல்லது என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. இரண்டு நாட்டிலும் திறமையான என்ஜினீயர்கள்தான் வேலை செய்தார்கள். வித்தியாசம் வரிசையில் இருக்கிறது.

பின்லாந்தில்: பல இடம், ஆய்வு, ஊர்ச் சம்மதம், முடிவு.
யக்கா மலையில்: பல இடம், முடிவு, ஆய்வு, சம்மதம் இல்லாமலே உத்தரவு.

முடிவுக்கு முன்னால் வரும் ஆய்வில் “இது சரியில்லை” என்ற பதிலுக்கும் இடம் இருக்கிறது. முடிவுக்குப் பின்னால் வரும் ஆய்வு எவ்வளவு ஆயிரம் பக்கம் இருந்தாலும், எடுத்த முடிவுக்குக் காரணம் தேடும் வேலையாகவே மற்றவர் கண்ணுக்குத் தெரியும். அதில் உண்மை இருந்தாலும் நம்ப ஆள் இருக்காது. 2012-ல் அமெரிக்க அரசு அமைத்த நிபுணர் குழுவே, இனிமேல் இடம் தேடினால் மக்கள் சம்மதத்தோடுதான் தேட வேண்டும் என்று பரிந்துரை செய்தது.

9. நமக்கு என்ன?

நம் நாட்டில் பயன்படுத்திய எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்கிறார்கள். மிஞ்சும் கடுங்கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்கும் ஆலைகள் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் அமைக்கப்பட்டன. ஆழ்நிலப் புதைவிடம் இதுவரை இல்லை. கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு புதைவிடம் கூடிய சீக்கிரம் அமைக்கப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே என்றைக்காவது ஒருநாள் இந்த நாட்டிலும் அந்த இடத்துக்குப் போர் ஹோல் போட ஆள் வேண்டியிருக்கும். அந்த லாக் புக்கை எழுதப் போவது பெரிய விஞ்ஞானிகள் மட்டுமில்லை. கோர் சாம்பிளுக்கு நம்பர் போட்டு, ஆழம் குறித்து, விரிசலை எண்ணி எழுதப் போவது நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான்.

அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று:

ஒன்று: ஒப்பிட வேறு இடம் இருக்கிறதா?
இரண்டு: எது வந்தால் இந்த இடத்தைக் கைவிடுவோம் என்று முதலிலேயே எழுதி வைத்திருக்கிறார்களா? இடையில் அது மாறியதா?
மூன்று: அந்த ஊர்க்காரர் “வேண்டாம்” என்றால் அது எடுபடுமா?

மூன்றுக்கும் “ஆம்” என்று பதில் இருந்தால் அது ஆய்வு. இல்லையென்றால் நாம் எழுதும் லாக் புக், ஏற்கனவே போட்ட கையெழுத்துக்கு இணைப்பாக வைக்கும் காகிதம்தான். விரிசலைக் கண்டால் விரிசல் என்றே எழுதுங்கள், நண்பர்களே. பத்து லட்சம் வருஷத்துக்கு அதைத் திருத்தி எழுத யாரும் திரும்பிப் போக முடியாது.